டர்போவிலிருந்து பின் பம்பர் வரை: என் ஸாப் 900க்குப் புகைக்குழாய் தேர்ந்தெடுத்த கதை

என் 1985ஆம் ஆண்டு ஸாப் 900 டர்போ 16 காரைப் புதுப்பிக்கும் பணியில் கடைசியாக எஞ்சி நின்றது புகைக்குழாய்தான். தகர வேலை, வண்ணப்பூச்சு, எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங் என்று ஆறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக முடிந்த பிறகு, டர்போவிலிருந்து (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பின் பம்பர் வரை ஓடும் ஏறத்தாழ நான்கு மீட்டர் குழாயைப் பற்றி முடிவெடுக்க மட்டும் எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. காரை வாங்கியபோது அதில் இருந்த குழாய்கள், லண்டன் குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு அரித்ததால் தட்டினால் செதில் செதிலாக உதிரும் நிலையில் இருந்தன. பின் சைலன்சரின் அடிப்பகுதியில் கைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. எனவே பழையதைச் சரிசெய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதை வாங்குவது, எவ்வளவு விட்டத்தில் வாங்குவது, எந்த உலோகத்தில் வாங்குவது என்ற கேள்விகளுக்கு நானே விடை தேட வேண்டியிருந்தது. இதே வகைக் காரை வைத்துக்கொண்டு இதே கேள்விகளோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நான் செய்த தவறையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கார் எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. 1973இல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ போன்ற கார்களில் டர்போ என்பது அதிவேகத்துக்கான கருவி. எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். 1977இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஸாப் 99 டர்போவை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர்கள், பெர் கில்பிராண்ட் உள்ளிட்டோர், வேறு வழியைத் தேர்ந்தார்கள். சிறிய டர்போ ஒன்றைப் பொருத்தி, அதன் அழுத்தம் அளவு மீறாமல் வேஸ்ட்கேட் என்னும் திறப்பால் கட்டுப்படுத்தி, அன்றாட ஓட்டத்திலேயே அதன் இழுவை கிடைக்கும்படி செய்தார்கள். 1984இல் வந்த பதினாறு வால்வு எஞ்சினில் அந்த எண்ணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு லிட்டர் கொள்ளளவில் நிமிடத்துக்கு 5300 சுழற்சியில் 175 குதிரைத்திறன் என்பதைவிட, 3000 சுழற்சியிலேயே 273 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் காரின் அடையாளம். நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் முன்னால் போகும் லாரியைக் கடக்கும்போது கியரைக் குறைக்காமலே எழும் அந்த நிதானமான உந்துதலுக்காகவே நான் இதை வாங்கினேன். ஆகவே, புதிய புகைக்குழாய் அந்த 3000 சுழற்சி வட்டாரத்துக்கு என்ன செய்யும் என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது.

டர்போ இல்லாத எஞ்சினுக்குப் புகைக்குழாய் தேர்ந்தெடுப்பதும் டர்போ எஞ்சினுக்குத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. டர்போ இல்லாத எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிப்படும் வாயு ஒரு அலையாகக் குழாயில் ஓடுகிறது. அந்த அலையின் பின்னே வரும் தாழ்அழுத்தம் வால்வு மூடும் தருணத்தில் சரியாகத் திரும்பி வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையையும் அது இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அங்கே குழாயின் நீளமும் விட்டமும் நுட்பமாக ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறிப் பெரிதான குழாய் கீழ்ச்சுழற்சியில் இழுவையைக் கெடுக்கிறது. இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் "எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும்", அதாவது வெளியேறும் புகைக்குக் குழாய் சற்றுத் தடை தர வேண்டும், என்று ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கு. டர்போ எஞ்சினில், புகையால் சுழலும் டர்போ சக்கரமான டர்பைனுக்குப் பின்னால், அந்த வாக்குக்கு வேலையே இல்லை. டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவது அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். பின்பக்கம் எவ்வளவு தளர்ந்து இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சக்கரம் எளிதாகவும் விரைவாகவும் சுழலும், டர்போ அழுத்தம் அவ்வளவு முன்னதாக எழும். வாய்க்காலின் கடைமடை அடைபட்டிருந்தால் தலைமதகில் எவ்வளவு தண்ணீர் திறந்தும் பயனில்லை என்பதைப் போன்றதே இது.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய குழாயை வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அப்படியே வாங்கவும் செய்தேன். முழுவதும் 76 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட, ஒரே ஒரு சைலன்சர் மட்டும் உடைய ஒரு தொகுதியை, காருக்கு நேராகப் பொருந்தும் என்ற உறுதிமொழியின் பேரில் ஒரு விற்பனையாளரிடமிருந்து வரவழைத்தேன். பொருந்தவில்லை. இந்த ஸாபில் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் அதன் அடியில் இருக்கிறது. டர்போவிலிருந்து கீழே இறங்கும் டவுன்பைப் இவற்றின் பக்கவாட்டில் நெருக்கமான இடைவெளியில் வளைந்து செல்ல வேண்டும். 76 மில்லிமீட்டர் குழாயை அந்த வழியில் நுழைத்தபோது, எஞ்சின் அசையும் ஒவ்வொரு முறையும் அது தரைத் தகட்டில் இடித்தது. நீளவாக்கில் அமர்ந்த எஞ்சின் முடுக்கும்போது பக்கவாட்டில் உருளும், உடன் டவுன்பைப்பையும் இழுக்கும் என்பதைத் தொகுதியை வடிவமைத்தவர்கள் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, பொருத்திப் பார்த்த பொருளைத் திரும்பப் பெற இயலாது என்றார்கள். அந்தத் தொகை போனதைவிட, பெட்டியைத் திறந்தவுடனேயே அளவுகோலை எடுத்து அளக்காமல் விட்டதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

இடிக்கும் இடங்களைத் தட்டிச் சரிசெய்து இரண்டு மாதங்கள் அதையே ஓட்டினேன். இழுவை முன்னதாக எழுந்தது உண்மை. ஆனால் 70 மைல் வேகத்தில், அதாவது என் காரில் ஏறத்தாழ 3000 சுழற்சியில், உள்ளே தொடர்ச்சியான ஒரு முழக்கம் எழுந்து மண்டையை அடைத்தது. பின்னிருக்கையில் அம்மா பேசுவது எனக்குக் கேட்கவில்லை. "வண்டியை எங்காவது நிறுத்து, தலை வலிக்கிறது" என்று அவர் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, ஒரு குளிர்ந்த காலையில் மேட்டுப் பாதையில் ஐந்தாம் கியரில் முழுதாக மிதித்தபோது எரிபொருள் திடீரென்று அறுந்து கார் குலுங்கியது. டர்போ அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் பம்பை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் தன் கடமையைச் செய்திருந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து 51, 63.5, 76 மில்லிமீட்டர் என்ற மூன்று விட்டங்களை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 51 மில்லிமீட்டர் குழாயின் உள் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1800 சதுர மில்லிமீட்டர், 63.5 மில்லிமீட்டர் குழாய்க்கு 2870. 76 மில்லிமீட்டர் குழாய்க்கு 4180. 175 குதிரைத்திறன் தரும் எஞ்சின் முழுச் சுமையில் வெளியேற்றும் சூடான வாயு, தோராயமாக, முதல் குழாயில் நொடிக்கு 175 மீட்டர் வேகத்திலும், இரண்டாவதில் 110 மீட்டர் வேகத்திலும், மூன்றாவதில் 75 மீட்டர் வேகத்திலும் ஓட வேண்டியிருக்கும். வளைவுகளிலும் சைலன்சர்களிலும் ஏற்படும் அழுத்த இழப்பு இந்த வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. எனவே 51இலிருந்து 63.5க்கு மாறும்போது இழப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. 63.5இலிருந்து 76க்கு மாறினால், ஏற்கெனவே சிறிதாகிவிட்ட அந்த மீதியில் பாதி குறைகிறது. தொகையாகப் பார்த்தால், முதல் மாற்றத்தில் கிடைக்கும் ஆதாயத்தின் மூன்றில் ஒரு பங்குதான் இரண்டாவது மாற்றத்தில் கிடைக்கிறது. அந்தச் சிறு ஆதாயத்துக்காக இடநெருக்கடி, எடை, முழக்கம் ஆகிய அனைத்தையும் ஏற்க வேண்டியிருக்கிறது. 250 குதிரைத்திறனைத் தாண்ட எண்ணுபவருக்கு 76 நியாயமாக இருக்கலாம். தொழிற்சாலை அளவிலேயே இருக்கும் எஞ்சினுக்கு 63.5 தாராளம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, அந்தத் தாராளத்தை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வி. டர்பைனை விட்டு வெளியே வரும் வாயு நேராக வருவதில்லை, முறுக்கிக்கொண்டு சுழன்று வருகிறது. என் காரில் உள்ள காரெட் டி3 டர்போவில் வேஸ்ட்கேட் டர்போவின் கூட்டிலேயே இருப்பதால், அது திறக்கும்போது பக்கவாட்டிலிருந்து இன்னொரு வாயு ஓட்டமும் வந்து இதில் மோதுகிறது. டர்பைன் வாயிலிருந்து முதல் அரை மீட்டருக்குள்தான் வாயு மிகச் சூடாகவும், மிக வேகமாகவும், மிகக் குழம்பியும் இருக்கிறது. அங்கே கூர்மையான ஒரு வளைவு செய்யும் தீங்கைப் பின்னால் எவ்வளவு பெரிய குழாயை வைத்தும் ஈடுகட்ட முடியாது. போகப் போக வாயு குளிர்ந்து சுருங்குவதால் வால்பகுதிக்கு அத்தனை இடம் தேவையும் இல்லை. ஆகவே செலவு செய்ய வேண்டிய இடம் டவுன்பைப். பளபளப்பான வால்நுனி அல்ல. நான் பார்த்த விளம்பரங்களில் பெரும்பாலானவை வால்நுனியையே பெரிதாகப் படம்பிடித்துக் காட்டுகின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

இறுதியாக, ஒரு சிறு ஒர்க்‌ஷாப்பில் காரை லிஃப்டில் ஏற்றி, அதன் அடியிலேயே அளந்து வளைத்துச் செய்யும் தொகுதியைத் தேர்ந்தேன். டவுன்பைப்பின் வாய் டர்பைன் கூட்டின் அளவிலிருந்து மெல்ல விரிந்து 63.5 மில்லிமீட்டருக்கு வருகிறது. வளைவுகள் அனைத்தும் உட்பக்கம் நசுங்காத வகையில் வளைத்தவை. எஞ்சினின் அசைவைத் தாங்க, பின்னல் உறை கொண்ட நெகிழ்குழாய்த் துண்டு ஒன்று டவுன்பைப்பின் முடிவில் இருக்கிறது. என் பார்வையில் இது தவிர்க்கவே கூடாத உறுப்பு. அது இல்லையென்றால் எஞ்சினின் ஒவ்வொரு குலுங்கலும் டவுன்பைப்பை டர்போவோடு பிணைக்கும் திருகாணிகளான ஸ்டட்களில்தான் போய்ச் சேரும், அவை ஒருநாள் முறியும்.

உலோகத் தேர்வில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. அலுமினியம் பூசிய சாதாரண எஃகு விலை குறைவு, ஓசையும் மெத்தென்று இருக்கும், தொழிற்சாலையிலிருந்து வந்ததற்கு அதுவே நெருக்கமானது. ஆனால் என் காரின் வாழ்க்கை முறை அதற்கு ஏற்றதல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. நெடும்பயணத்தில் அது முழுவதும் வெளியேறிவிடும். வாரம் ஒருமுறை பத்து மைல் ஓடிவிட்டு நிற்கும் காரிலோ, சூடேறாத பின் சைலன்சருக்குள் அது குளிர்ந்து தங்கி உள்ளிருந்தே அரிக்கும். பழைய கார்களின் பின் சைலன்சர் முதலில் போவதற்கு இதுவே பெரிய காரணம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் இரண்டு வகை உண்டு. 409 என்ற வகையில் குரோமியம் 11 சதவீத அளவில்தான் இருக்கும். காந்தம் ஒட்டும், மேற்பரப்பில் பழுப்பு நிறத் துரு படியும், ஆனாலும் எளிதில் ஓட்டையாகாது. 304 என்ற வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நம் வீடுகளில் நல்ல எவர்சில்வர் பாத்திரம் என்று தலைமுறைகளாகக் கைமாறி வருவது இந்த வகைதான். கடையில் பாத்திரத்தில் காந்தத்தை வைத்துப் பார்க்கும் அம்மாவின் பழக்கத்தை நானும் கடைப்பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் குழாய்களின் மீது காந்தம் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே 304க்குச் சம்மதம் சொன்னேன்.

304இல் கவனிக்க வேண்டிய ஒன்று, அது சூட்டில் அதிகம் நீளும் என்பது. நான்கு மீட்டர் நீளமுள்ள தொகுதி சராசரியாக 250 டிகிரி சூடேறினால், சாதாரண எஃகு 12 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். 304 ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்த நிலையில் கச்சிதமாகப் பொருந்தியதாகத் தோன்றும் குழாய், அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு பின் அச்சிலோ பம்பரிலோ உரசுவது இதனால்தான். சுற்றிலும் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொன்னேன். ரப்பர் தொங்கல்களை, சூடான பின் அவை நேராக நிற்கும்படி, குளிர்ந்த நிலையில் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்குமாறு அமைத்தோம்.

ஓசையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. டர்பைன் தானே ஒரு சைலன்சர். வாயுத் துடிப்புகளின் ஆற்றலை அது வாங்கிக்கொள்வதால், அதே அளவு குழாய் உள்ள டர்போ இல்லாத காரைவிட டர்போ கார் அமைதியாகவே ஒலிக்கும். அதை நம்பித்தான் பலரும் நடுச் சைலன்சரை எடுத்துவிடுகிறார்கள், நானும் முதல் முறை அப்படியே நம்பினேன். ஆனால் மீதமிருக்கும் தாழ்ந்த ஒலிதான் தலைவலிக்குக் காரணம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 சுழற்சியில் நொடிக்கு நூறு முறை வெடிக்கிறது, ஆகவே எழுவது 100 ஹெர்ட்ஸ் ஒலி. கண்ணாடி இழை அடைத்த நேர்வழிச் சைலன்சர்கள் உயர்ந்த ஒலிகளை நன்றாக உறிஞ்சும், இந்தத் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தொடாது. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. அலைநீளத்தில் கால்பங்கு நீளமுள்ள, முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், அதில் சென்று திரும்பும் அலை அந்த ஒரு ஒலியை மட்டும் அழிக்கும். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 480 மீட்டர் அளவில் இருப்பதால், 100 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கிளை 1.2 மீட்டர் நீளம் வேண்டும்; என் காரின் அடியில் அதற்கு இடமில்லை. ஆகவே இரண்டாவது வழியை எடுத்தேன். நடுவில் இழை அடைத்த சைலன்சர் ஒன்றும், பின்னால் அறைகளாகப் பிரிக்கப்பட்ட, பழைய ஸாப் சைலன்சரின் அளவுக்கே பெரிதான இன்னொன்றும் வைத்தோம். அறைகள் கொண்ட சைலன்சர் சிறிது எதிரழுத்தம் தரும் என்பது உண்மை. டவுன்பைப்பில் சம்பாதித்ததில் ஒரு சிறு பங்கை அங்கே மனமறிந்து கொடுத்தேன்.

சட்டமும் இதையே கேட்கிறது. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு வாகன விதிகளின் 54ஆம் விதி, சைலன்சரை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், ஓசை கூடும்படி அதை மாற்றக் கூடாது என்கிறது. 1986 ஆகஸ்டுக்கு முன் சாலைக்கு வந்த கார் என்பதால், எம்.ஓ.டி. என்னும் வாகனத் தகுதிச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள்ளும் எரியாத ஹைட்ரோகார்பன் 1200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1200 பங்கு) அளவுக்குள்ளும் இருந்தால் போதும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் கட்டாயமில்லை, என் காரில் அது முன்பும் இருந்ததில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

பொருத்தும் வேலையில் ஒரு நாளில் பாதியைப் பழைய ஸ்டட்கள் எடுத்துக்கொண்டன. முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் சூடேற்றி, கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து எடுத்ததால் ஒன்றும் முறியவில்லை. எல்லா இணைப்புகளையும் தளர்வாக வைத்து முழுத் தொகுதியையும் தொங்கவிட்டு, இடைவெளிகளைச் சரிபார்த்த பிறகே டர்போ முனையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்கினோம். டர்போ எண்ணெய்க் குழாய்க்கும் டவுன்பைப்புக்கும் இடையில் வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று சேர்த்தோம். நூறு மைல் ஓடிய பின் மீண்டும் எல்லாவற்றையும் இறுக்க வேண்டியிருந்தது.

புகைக்குழாய் மாறிய பின் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதமிருந்தது. ஸாபின் ஏ.பி.சி. அமைப்பு, எஞ்சின் பிளாக்கில் உள்ள உணரி வழியாக நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பதால் வரும் தட்டல்) எழுகிறதா என்று கேட்டுக்கொண்டே டர்போ அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வருகிறது. ஆனால் அதற்கு அடியில் வேஸ்ட்கேட் கம்பியின் நீளத்தால் தீர்மானிக்கப்படும் அடிப்படை அழுத்தம் ஒன்று உண்டு. பின்வழி தளர்ந்தால் அது உயரக்கூடும். ஏ.பி.சி. வால்வின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தமானியை வைத்து ஓட்டிப் பார்த்தபோது, ஒர்க்‌ஷாப் கையேடு சொல்லும் அளவைவிட அது கூடுதலாகவே இருந்தது. கம்பியைச் சிறிது சிறிதாகச் சரிசெய்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். முந்தைய தொகுதியில் எரிபொருள் அறுந்ததற்கு இதைச் சரிபார்க்காமல் விட்டதும் ஒரு காரணம். எல்.எச்.-ஜெட்ரானிக் என்னும் பெட்ரோல் செலுத்தும் அமைப்பு உள்ளே வரும் காற்றின் நிறையை நேரடியாக அளந்து பெட்ரோல் தருவதால், கலவையில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் காரில் டர்போ அழுத்தமானியின் முள் முன்பைவிட 300 சுழற்சி முன்னதாக எழுகிறது. நின்ற நிலையில், பக்கத்தில் நிற்பவருக்கு இது புதுக் குழாய் என்று ஓசையை வைத்துத் தெரியாது. சுமை ஏறும்போது மட்டும் அடித்தொண்டையில் ஒரு கனிந்த குரல் எழுகிறது. சென்ற மாதம் அம்மாவை ஆக்ஸ்ஃபோர்டு வரை அழைத்துச் சென்றேன். வழி முழுவதும் பின்னிருக்கையிலிருந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார், ஒரு சொல்லும் தவறாமல் எனக்குக் கேட்டது. 76 மில்லிமீட்டர் தொகுதி கராஜின் மூலையில் சாய்ந்து நிற்கிறது. பழைய பின் சைலன்சரிலிருந்து அறுத்தெடுத்த, ஸாப் எண் பொறித்த தகட்டுத் துண்டை மட்டும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, காரின் ஆவணங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.